எந்த மலை? லயத்துக் காம்பரா ஒன்றில் ஐந்து மாத வேலைக் கணக்கு

அம்மா கொழுந்து பறித்துவிட்டு அந்திக்கு மலையிலிருந்து இறங்கி வரும்போது, எதிரே வருகிற பெண்கள் எடுத்த எடுப்பில் "எத்தனை கிலோ?" என்று கேட்க மாட்டார்கள். "இன்னைக்கு எந்த மலை?" என்றுதான் கேட்பார்கள். மலை தெரிந்தால் கிலோவைப் பாதி ஊகித்துவிடலாம். கவ்வாத்து வெட்டி நன்றாகத் தழைத்து நிற்கும் வி.பி. தேயிலை, அதாவது தண்டு வைத்து வளர்த்த தேயிலை, என்றால் மத்தியானத்துக்குள் கூடை இரண்டு தடவை நிறையும். பழைய விதைத் தேயிலை, செங்குத்துச் சரிவு, நிரை நெடுக இடைவெளி, காடு மண்டிய வடிகான் என்றால் அதே கைக்கு அதே நாளில் பாதிதான் வரும். மாதமும் சேர்ந்துகொள்ளும். பெப்ரவரி வரட்சியில் கொழுந்து கண் திறக்காது. ஏப்ரல் மழை நாலு விழுந்தால் கொழுந்து மட்டம் ஏறிக் குமியும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. ஒரு கையின் வேகத்தை அது நிற்கிற மண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது மலையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

என் வேலையை மட்டும் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

யாருடைய கணக்கு

இலங்கை மலையகத்தில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில், அதாவது ஒற்றை அறையில், இருக்கிறேன். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுப்பது தொழில். பயிற்சிப் புத்தகங்கள், சுற்றறிக்கைகள், சங்க யாப்புகள் (சங்க விதிகள்) என்று எதுவும் வரும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. முன்பு அட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தேன். நாளுக்கு எட்டு ஒன்பது பக்கம் சாதாரணமாக முடியும். 2022 பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. பஸ் கட்டணமும் ஏறியது. கடைக்காரர் மேல்மாடியை விட்டுவிட்டார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நாளுக்கு நாலு பக்கம். சில நாள் மூன்று.

வேலை தருகிற அச்சகத்துக்காரர் போனில், "என்ன தங்கச்சி, முன்ன மாதிரி இல்லையே" என்றார். அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. அது இன்னும் உறுத்தியது. சோம்பல் வந்துவிட்டது, மூளை மந்தமாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். விடிய விடிய உட்கார்ந்தும் பார்த்தேன். தலைவலிதான் மிச்சம். ஒரு நாள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அங்க நீ எடுத்த மலை வேற, இங்க எடுக்குற மலை வேற. ரெண்டையும் ஒரே தராசுல போட்டா எப்புடிப் புள்ள?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கியது. 2023 பெப்ரவரி முதல் ஜூன் வரை எழுதி வைத்தேன்.

காம்பரா

பத்தடிக்குப் பன்னிரண்டடி. எங்கள் லயத்தில் இரண்டு பக்கமும் காம்பராக்கள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கின்றன. ஆகவே பின்சுவரில் ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், பிறகு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இஸ்தோப்பின் ஒரு பக்கத்தை அடைத்துக் குசினி ஆக்கியிருக்கிறோம். கூரை தகரம். பிரிசுவர் கூரை வரை போகவில்லை. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கிறது. ஒரு காம்பராவில் தும்மினால் நாலாவது காம்பராவில் கேட்கும். எங்களோடு அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். மொத்தம் ஏழு பேர்.

என் மேசை, அண்ணியின் தையல் மெஷின் மேசைதான். அது பின்சுவரை ஒட்டி இருந்தது. பிளக் அங்கே இருந்ததால் அங்கே வைத்தோம், வேறு காரணம் இல்லை. நடு முகட்டில் தொங்கும் ஒரே பல்ப் என் முதுகுக்குப் பின்னால். நான் குனிந்தால் என் தலையின் நிழல் கையெழுத்துப் பிரதியின் மேலேயே விழும். எரிவாயு கிடைக்காத வருஷத்தில் விறகுக்குத் திரும்பியவர்கள் நாங்கள், பிறகு முழுதாகத் திரும்பி வரவில்லை. காலையிலும் அந்தியிலும் புகை உள்ளே சுற்றிவிட்டுத்தான் போகும். முடித்த ஃபைலை அனுப்பக் கோயில் வளைவு வரை நடக்க வேண்டும், அங்கேதான் சிக்னல் நிலையாக நிற்கும்.

இத்தனையும் எனக்குத் தெரிந்தவைதான். பிறந்து வளர்ந்த இடம். அதனால்தான் இவை என் வேலையில் எவ்வளவைத் தின்கின்றன என்று பார்க்கத் தோன்றவில்லை.

நோட்டுப் புத்தகம்

தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோல் மாதிரி கோடு போட்டேன். திகதி, முடித்த பக்கம், பிழை பார்ப்பவர் திருப்பி அனுப்பிய திருத்தங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்த தடவை, வானிலை. ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரம் வேறெதையும் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். கடினமான சுற்றறிக்கையும் இலகுவான பயிற்சிப் புத்தகமும் ஒன்றாகாது என்பதால், பயிற்சிப் புத்தகப் பக்கங்களை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

முதல் வாரமே ஒரு விசித்திரம். எதையும் மாற்றவில்லை, ஆனால் பக்கம் நாலிலிருந்து ஐந்தரைக்கு ஏறியது. எண்ணுகிறேன் என்பதே என்னை விரட்டியிருக்கிறது. சிக்காகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாவ்தோர்ன் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய வெளிச்சப் பரிசோதனைகள் இதற்குப் பேர்போனவை. விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது, ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே வேலையைக் கூட்டியது என்று சொல்லப்பட்டு வந்தது. பழைய எண்களை மறுபடி அலசிய பிற்கால ஆய்வாளர்கள், அந்தக் கதை சொல்லப்படுகிற அளவுக்குத் துலக்கமாக இல்லை என்றார்கள். என் நோட்டில் மட்டும் துலக்கமாகவே இருந்தது. அந்த வாரத்தை அடித்துவிட்டேன். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் எண் நாலரைக்கு இறங்கி நின்றது. அதுதான் என் தொடக்கப் புள்ளி.

வெளிச்சமும் குளிரும்

மேசையை ஜன்னலுக்குக் கீழே இழுத்தோம். பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வாங்கி வைத்தேன். அலுவலக எழுத்து வேலைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. போன் செயலியால் பார்த்தால் பழைய இடத்தில் நூறைத் தொடவில்லை, புதிய இடத்தில் பகலில் ஐந்நூறைத் தாண்டியது. போன் காட்டும் எண் துல்லியமானதல்ல. வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்ததால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பக்க எண்ணிக்கை கொஞ்சம்தான் ஏறியது, ஐந்தைச் சுற்றி. ஆனால் திருத்தங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. எங்கே குறைந்தன என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிங்களத்தில் 'ம', 'வ', 'ச' மூன்றும் அச்சில் ஒரே முகச்சாடை உள்ள எழுத்துகள், ஒரு சின்ன சுழிப்புத்தான் வேறுபாடு. மங்கிய போட்டோப் பிரதியில், என் தலை நிழலுக்குள், அவை ஒன்றாகிவிடும். ஒரு ஊர்ப் பெயரை மாற்றிப் படித்து, பயிற்சிப் புத்தகம் முழுவதும் அப்படியே எழுதி, பிறகு இருபத்திரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கு என் சிங்களம் மோசம் என்று அழுதேன். சிங்களம் நன்றாகத்தான் இருந்தது.

குளிர் இன்னொரு பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு லயம் அமைதியாக இருக்கும் என்று எழுந்து உட்கார்ந்தேன். பெப்ரவரி விடியல், வாசல் புல்லில் பனி. விரல் விறைத்தால் தட்டச்சில் பக்கத்து விசை சேர்ந்தே விழும். கைத் தோலின் சூடு இறங்க இறங்க விரலின் நுண்வேலை கெடும் என்பது உடலியலில் நன்கு அறிந்த விஷயம். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, கொழுந்துக் காம்பு அறுக்காமல் இருக்கத் தன் ஆள்காட்டி விரலுக்குச் சுற்றுகிற துணியைக் காட்டினார். பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டி, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி எனக்கு இரண்டு உறை தைத்துக் கொடுத்தார். சூடான சாயத் தேநீர் ஊற்றிய டம்ளரை ஐந்து நிமிஷம் பிடித்திருந்துவிட்டுத் தொடங்குவேன். விடிகாலை ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் சுத்தமாக வந்தது. அதற்கு மேல் முடியாது. அஞ்சரைக்கு அடுப்பு எரியத் தொடங்கினால் கண் எரியும்.

சத்தம்

இந்த இடத்தில்தான் நான் நினைத்தது அடியோடு தவறிப்போனது.

தகரத்தில் விழும் மழையைத்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். மே கடைசியில் தென்மேற்குப் பருவம் இறங்கினால் எங்கள் பக்கம் நாள் முழுக்கப் பெய்யும். கூரைக்குக் கீழே ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. நோட்டைப் பார்த்தால், கடும் மழை என்று குறித்த நாட்களில் என் பக்கங்கள் குறையவே இல்லை. சில நாள் கூடியிருந்தன. மாறாக, அடுத்த காம்பராவில் சின்னச் சத்தத்தில் ஓடும் டீவி நாடகம் என்னை முறித்துப்போட்டது. மத்தியானம் மறு ஒளிபரப்பு, அந்திக்குப் புதுப் பகுதி. அந்த நேரங்களில் எழுதிய பக்கங்களில் வாக்கியம் பாதியில் வேறு வாக்கியமாக மாறியிருந்தது. ஒரு தடவை சுகாதாரப் பாடத்தில், "கைகளைச் சவர்க்காரமிட்டு" என்பதற்குப் பிறகு "சத்தியம் பண்ணு" என்று தட்டியிருந்தேன்.

இதற்கு விளக்கம் உண்டு. உளவியலாளர்கள் சலாமேயும் பேட்லியும் 1982இல் வெளியிட்ட பரிசோதனைகளில், கண்ணால் பார்த்த எண்களை ஞாபகம் வைத்திருப்பவர்களை, அவர்கள் கவனிக்காத பேச்சுச் சத்தமே குலைத்தது, வெறும் இரைச்சல் அந்த அளவுக்குக் குலைக்கவில்லை. மனதுக்குள் சொல்லை வைத்திருக்கிற இடமும் காதுவழி வருகிற பேச்சு நுழைகிற இடமும் ஒன்று என்பது அவர்கள் விளக்கம். மொழிபெயர்ப்பில் ஒரு நீண்ட சிங்கள வாக்கியத்தை முழுதாக மனதில் ஏந்திக்கொண்டு தமிழில் இறக்க வேண்டும். ஏந்தியிருக்கிற கையில் பக்கத்து வீட்டுப் பேச்சு வந்து இடித்தால் சிந்தும். மழைக்குச் சொல் கிடையாது, அதனால் அது இடிப்பதில்லை. பேச்சையும் சேர்த்து அது மூடிவிடுகிறது.

அந்த வீட்டு அத்தைக்கு இரண்டு காலும் முடியாது. மலைக்குப் போக முடியாமல் பகல் முழுக்கப் படுத்திருக்கிறவர். டீவியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இனியும் வராது. வாக்கியம் ஏந்துகிற வேலையை விடிகாலைக்கும் முற்பகலுக்கும் தள்ளினேன். பக்கம் அமைப்பது, எண் இடுவது, படம் ஒட்டுவது எல்லாம் நாடக நேரத்துக்கு. காதடைப்பான் வாங்கிப் பார்த்தேன், காது வலித்தது, விட்டுவிட்டேன்.

எழுந்த தடவைகள்

எல்லாவற்றையும்விட இதுதான் தின்றது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நோட்டில் இருப்பதில் சிலவற்றை அப்படியே தருகிறேன். தண்ணீர்ப் பீலியில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் எடுத்துப் போனேன். அண்ணனின் சின்னவனுக்கு மூக்கில் இரத்தம். கீழ் லயத்து அண்ணன் பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு வந்தார். கோழி உள்ளே வந்தது. தண்ணீர் இரண்டாம் தடவை. ஓய்வுபெற்ற பெரியம்மா ஒருவர், ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) கடிதம், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்ட வேண்டும். மழை, காய்ந்த துணி. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி ஒன்று. அந்திக்குள் பதினான்கு தடவை. பக்கம் மூன்று.

இதில் ஐந்து ஆறு தடவையாவது யாரோ ஒரு காகிதத்தோடு வந்த தடவை. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பதால் வருகிறார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது. ஆனாலும் எங்கள் லயத்துக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி சிங்களத்தில் மட்டும்தான் வருகின்றன. ஏதோ ஒரு மேசையில் செய்யாமல் விட்ட மொழிபெயர்ப்பு என் மேசைக்கு நடந்து வருகிறது, கூலி இல்லாமல். வருகிறவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு பெரியம்மாவின் சேமலாப நிதிப் பணம் ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது என்றால் அதுதான் முதலில் நடக்க வேண்டும். ஆனால் இந்த நேரம் எங்கேயும் எழுதப்படுவதில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், இடையில் குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள், தரமும் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. வேகமாக ஓடி ஈடுகட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிற வேலை, என்னுடையது வேறு. ஆனால் ஈடுகட்டுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். ஏழு எட்டு தடவை வரை பக்கம் பெரிதாக இறங்கவில்லை, தலைவலிக் குறிப்பு மட்டும் ஏறியது. அதைத் தாண்டினால் பக்கமும் சரிந்தது.

"வீட்டுலதானே இருக்கே" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அம்மா மலைக்குப் போனால் யாரும் பின்னாலேயே போய்த் தண்ணீர் பிடிக்கச் சொல்ல மாட்டார்கள். காலையில் பெரட்டு என்கிற ஆள்கூட்டல், பேர் போடுதல், மலை, மத்தியானம் நிறுவை, அந்திக்கு நிறுவை. அந்த நேரம் தோட்டத்துக்கே தெரிந்த நேரம். என் வேலைக்குப் பெரட்டு இல்லை.

ஸ்டோரில் பார்த்தது

அப்பா முப்பது வருஷம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். இந்தக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை இங்கே வைக்கிறேன். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் தண்ணீர். அது மெதுவாக வாட வேண்டும், பல மணி நேரம். கீழிருந்து காற்று, எவ்வளவு தடிமனாகப் பரப்புவது, வெளியே மழையா வெயிலா, காற்றுக்குச் சூடு கொடுப்பதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் ஆள் நின்று பார்ப்பார்கள். சுவரில் ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள். இரண்டின் வித்தியாசத்தை வைத்து முடிவு. அரைக்கிற அறையில் காற்றின் ஈரம் குறைந்தால் நீர்த்தூவல் போடுவார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இதையெல்லாம் பல தலைமுறையாக ஆராய்ந்து வருகிறது.

"கொழுந்து கெட்டுப்போச்சுன்னா கொழுந்த யாரும் திட்ட மாட்டாங்க. மாடியில காத்து எப்புடின்னு கேப்பாங்க" என்றார் அப்பா.

அந்த மாடியிலிருந்து இருநூறு கஜம் தள்ளி எங்கள் லயம். காற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை கணக்கு. இந்தப் பக்கம் பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காம்பராக்களில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. படிக்க முடியாமல் போனவர்களை "மொக்கு" என்று சொன்ன வாய்களை நினைத்தால் பொறுக்கவில்லை.

கூடை

வழி சொன்னது அம்மாதான். கிழிந்து பாவிப்பில் இல்லாத கொழுந்துக் கூடை ஒன்று குசினி மூலையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்து வைத்தார். வருகிறவர்களிடம் ஒரே வார்த்தை: "கூடை வெளிய இருந்தா அவ மலையில இருக்கா. நாலு மணிக்கு எறங்குவா."

கதவைச் சாத்தினால் லயத்தில் கோபிப்பார்கள். அறிவித்தல் எழுதி ஒட்டினால் திமிர் என்பார்கள். கூடைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். முதல் மூன்று நாள் சிரித்தார்கள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு வந்தார்கள், இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒன்றாகவே முடித்துக் கொடுத்தேன். தண்ணீர்க் குடத்தை அண்ணன் விடிகாலையில் நிரப்பி வைக்கச் சம்மதித்தார். அதற்கு ஒரு வாரம் சண்டை போட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுந்த தடவை நாலு ஐந்துக்கு இறங்கியது. பக்கம் மே நடுவில் ஆறரை, ஜூனில் ஏழு. டவுன் மேல்மாடியின் ஒன்பதை எட்டவில்லை. சின்னவனுக்குக் கூடை புரியவில்லை, அவனுக்கு நாலு வயது. மேல் லயத்தில் ஒரு சாவு விழுந்த வாரம் கூடையை நானே உள்ளே எடுத்து வைத்தேன். அந்த வாரத்துக் கட்டத்தில் கோடு மட்டும்தான் இருக்கிறது.

எந்த மாற்றம் எத்தனை பக்கத்தைத் தந்தது என்று பிரித்துச் சொல்ல இந்தக் கணக்கால் முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்தேன், பருவமும் மாறியது, கையும் பழகியது. ஆளும் ஒரே ஆள். ஆனால் வரிசை எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: கூடை முதலாவது, பேச்சுச் சத்தத்தை விட்டு நேரத்தை நகர்த்தியது இரண்டாவது. வெளிச்சம் பக்கத்தைக் கூட்டியதைவிடப் பிழையைக் குறைத்தது. செலவு என்று பார்த்தால் மேசை விளக்கும் சுண்ணாம்பும், விட்டுவிட்ட காதடைப்பானும்தான். புகைக்கு நான் எதுவும் செய்யவில்லை, குழாய் வைத்த அடுப்புக்குக் காசு சேரவில்லை. கூரையில் வெளிச்சம் விடுகிற தகடு ஒன்று பதிக்கலாம், ஆனால் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், கேட்காமல் ஆணி கழற்ற முடியாது. ஆபீசுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

அச்சகத்துக்காரரிடம் ஜூன் கடைசியில் நோட்டின் படத்தை அனுப்பினேன். அவர் பக்கக் கூலியைக் கூட்டவில்லை. கெடுவை இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தார்.

அண்ணன் மகள் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதப் போகிறாள். இவ்வளவு நாளும் கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் படித்தவள். போன கிழமை ஒரு நாள் அந்தி ஏழு மணிக்கு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், கூடையைத் தூக்கிப் போய் வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து என் மேசையில் கணக்குக் கொப்பியை விரித்தாள். பிரிசுவருக்கு அப்பால் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டு, கணினியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன்.